கோணல் மூலையில் தடுப்புச்சுவர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் மனையின் கீழ்மூலை சதுரமாக இல்லை. இரண்டு எல்லைகளும் ஏறத்தாழ 60 பாகையில் கூராகச் சேர்கின்றன. அங்கேதான் 6 அடிச் சரிவு. போன ஐப்பசி மழையில் எல்லைக்கல் சாய்ந்துவிட்டது. அம்மா நட்ட கொய்யாவின் வேர் பாதி வெளியே தொங்குகிறது, பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது.

கருங்கல் சுவரைக் கூர்முனை வரை கொண்டுபோகலாம் என்கிறார் கொத்தனார். மண் இருபக்கமும் தள்ளும்போது அந்த முனைதானே முதலில் பிளக்கும்? 3 அடி இடம் போனாலும் சரி, வளைவாகத் திருப்பலாம் என்பது என் எண்ணம். பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வடியக் குழாய்களும் வைப்போம்.

அடித்தளம் எவ்வளவு அகலம் வேண்டும்? வளைவில் கற்களை எப்படிப் பிணைப்பது? இத்தகைய மூலையில் கட்டியவர்கள் படத்தோடு சொன்னால் பேருதவி. அடுத்த மழைக்குள் முடித்தாக வேண்டும்.