வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி: எங்கே மாட்டுவது?

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். படுக்கையும் எரிவாயு அடுப்பும் பொருத்திய வேனில் அப்பா, அம்மா, குழந்தைகளோடு ஜவ்வாது மலையில் இரவு தங்கப்போகிறோம். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவோம். அடுப்பு சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

புகைக் கருவி கூரையில். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, அதற்கான கருவி தரையோரம். இவை தெளிவு. காற்றோடு கலந்துவிடும் கார்பன் மோனாக்சைடுக்குத் தலையணை உயரம் சரியா? தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கான ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற கருவி வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், பூட்டிய வேனுக்குள் அது தாங்குகிறதா? வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.