அடுக்களை நடையில் உட்கார்ந்திருந்த பயல்

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தக்கலைப் பக்கம் வீடு, அப்போது அவன் பிளஸ் ஒன். நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன், விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போவேன். போகிறபோதெல்லாம் பயல் அடுக்களை நடையில் உட்கார்ந்திருப்பான். "உறங்கலியாலே?" என்றால் "படிக்கேன் மாமா" என்பான். கையில் புத்தகம் இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், இன்றைக்கும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

துவைக்கப் போட்ட பேண்டில் கஞ்சாப் பொட்டலமும், கண் சிவப்பு தெரியாமலிருக்க விடுகிற சொட்டு மருந்தும் அக்கா கையில் கிடைத்தன. அத்தான் பெல்ட்டால் அடித்தார், நானும் ஒரு அறை விட்டேன். அப்புறம் தனியாக இருக்கும்போதுதான் சொன்னான்: "கிளாஸ்ல எழும்பி வாசிக்கச் சொன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும் மாமா, இத இழுத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது." பத்தாவது லீவில் கூட்டுக்காரன் கொடுத்துப் பழக்கியிருக்கிறான். முதலில் சனி ஞாயிறு, பிறகு தினமும், ஏனென்றால் போதை இறங்கியதும் அந்தப் படபடப்பு முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றிருக்கிறது. பந்து விளையாட்டை விட்டான், யாருடனும் பேச்சில்லை, ஒருநாள் "நான் இருந்து என்ன செய்ய மாமா" என்றான். அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

போலீஸ் கேஸாகிவிடும் என்று அக்கா அழுதாள். போதைப்பொருள் பயன்படுத்தியதற்காக மாட்டுகிறவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தர 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது: இருபத்தைந்து வயது வரைக்கும் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது, கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற போதையேற்றும் பொருள் அந்த வளர்ச்சிக்குள் புகுந்து கெடுக்கிறது. 2019இல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பதினெட்டு வயதுக்கு முன் பயன்படுத்தியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருந்தனவாம். பதற்ற நோய்க்கு அவ்வளவு உறுதியான தொடர்பு தெரியவில்லை, இவன் விஷயத்தில் பதற்றம்தான் முதலில் இருந்தது, அதற்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்தார்கள்.

நிறுத்திய முதல் வாரம் பெரும்பாடு. உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதுக்கெல்லாம் எரிந்து விழுந்தான். மறுபடி இழுத்துவிட்டான் என்று அத்தான் திரும்ப பெல்ட்டை எடுத்தார். நிறுத்தினால்தான் இப்படி வரும், முதல் வாரம்தான் கடுமை, அப்புறம் மெல்ல இறங்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் குறுக்கே நின்றேன். இந்த மாதிரி ராத்திரிகளில் யாரும் கிடைக்கவில்லையென்றால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உறக்கம் வராத பயலை நடையில் விட்டுப்போக மனசில்லாமல் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நான் வெட்டிக்கொண்டே போவேன், அவன் எனக்கு முன்னே போய், சிரட்டையில் முந்தின வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பறித்துச் சாக்கில் போடுவான். பத்துப் பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அவனாகவே "மாமா, இன்னைக்கு நாலு மணிக்கூர் உறங்கினேன்" என்றான்.