மாமா தீயணைப்பு வீரர், காப்பீட்டுத் தொகை வரவில்லை: உடனே உதவி தேவை

வியாசர்பாடி தம்பி: என் அக்காவின் கணவர் தீயணைப்பு வீரர். பணியில் இறந்துவிட்டார். ஆறு மாதமாகிறது. விபத்துக் காப்பீடு கிடையாது என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்ற ஒரே பதில். இரண்டு பிள்ளைகள். யாரைப் பார்ப்பது?

கல்மண்டபம்: எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார்? இறந்தது எப்போது, எப்படி? ஊதியம் எந்த வகைக் கணக்கில் வந்தது? வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா?

எண்ணூர் கடலோரம்: "முதல்வரின் முகவரி" என்ற அரசின் குறைதீர்ப்புத் துறைக்கு இன்றே மனு போடுங்கள். என் சித்தப்பாவின் பணிக்கொடை அப்படித்தான் வந்தது. மற்றதெல்லாம் வீண் அலைச்சல்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: மனுவை நம்புகிறவர்கள் ஒரு கோப்பையாவது கையால் தொட்டதுண்டா? தம்பி, கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேளுங்கள். பணிக்காலத்தில் காய்ச்சலில் இறந்தாலும் குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம் உண்டு. விபத்துக் காப்பீட்டுக்கோ, விபத்தால் இறந்தார் என்று காகிதம் சொல்ல வேண்டும். இதை எத்தனை முறைதான் எழுதுவது?

வியாசர்பாடி தம்பி: மன்னிக்கவும் ஐயா. 2009இல் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில் மணலி பக்கம் ஒரு கிடங்கில் தீ. புகைக்குள் நெடுநேரம் நின்றாராம். மூன்றாம் நாள் மூச்சுத்திணறல், ஆறாம் நாள் போய்விட்டார். மருத்துவமனைக் காகிதத்தில் "நுரையீரல் தொற்று" என்று இருக்கிறது. மாமாவின் அம்மா வேறு கையெழுத்துப் போட மறுக்கிறார்.

கல்மண்டபம்: அந்த இரண்டு சொற்கள்தான் வழியை மறிக்கின்றன. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் இறந்தபோது தெருவே பார்த்தது, காரணம் கேட்க ஆளில்லை. உங்கள் மாமா கட்டிலில் இறந்தார். தீயையும் கட்டிலையும் இணைக்கும் காகிதம் வேண்டும். மருத்துவமனையில் அனுமதித்த நாளின் விபத்துப் பதிவேட்டு நகல், பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கை, அந்தத் தீ அழைப்புக்கு அவர் சென்றதைக் காட்டும் நிலையப் பதிவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். 2025 மே மாதம் தமிழக அரசு ஏழு வங்கிகளுடன் செய்த ஒப்பந்தத்தில், ஊதியக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியரின் விபத்து மரணத்துக்கு 1 கோடி ரூபாய். அவருடையது ஊதியக் கணக்காகப் பதிவாகியிருந்ததா என்று கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

காசிமேட்டு அக்கா: மாமியாருக்கு என்ன உரிமை? மருமகள் பிள்ளைகளோடு தெருவில் நிற்கிறாள், இவர் கையெழுத்தை வைத்துப் பேரம் பேசுகிறாரா?

எண்ணூர் கடலோரம்: பெற்றவள் அந்நியமா? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு.

காசிமேட்டு அக்கா: சட்டம் எனக்கும் தெரியும். என் மாமியாரும் இப்படித்தான் இரண்டு வருடம் இழுத்தடித்தார். என் மகளின் படிப்பு நின்றுபோனது.

எண்ணூர் கடலோரம்: உங்கள் மாமியாருக்காக ஊரிலுள்ள தாய்களையெல்லாம் குற்றவாளியாக்காதீர்கள். மகனைப் புதைத்த வயிறு அது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: சண்டையை நிறுத்துங்கள். கருணை அடிப்படையிலான வேலைக்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவை. அந்தத் தாயைப் பகைத்துக்கொண்டு எதுவும் நடக்காது. வேலைக்கு யார் விண்ணப்பிப்பது?

வியாசர்பாடி தம்பி: மகன் வளரட்டும், அவனுக்கே கிடைக்கட்டும் என்கிறாள் அக்கா. அவனுக்கு ஒன்பது வயது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: கூடவே கூடாது. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவனுக்குப் பன்னிரண்டுகூட முடிந்திருக்குமா? அக்காவே விண்ணப்பிக்கட்டும். உங்கள் மாமா 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ஊதியத்தில் பிடித்த தொகையும் அரசின் பங்கும் வட்டியோடு வரும், அதற்கும் தனியாக எழுதிக் கொடுங்கள். மாமியாரிடம் நீங்கள் போகாதீர்கள், பேரப்பிள்ளைகளோடு அக்கா போகட்டும்.

கல்மண்டபம்: தம்பி, பதிவேட்டு நகல் என்னவாயிற்று?

கல்மண்டபம்: பத்து நாளாகிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

வியாசர்பாடி தம்பி: நகல் கிடைத்தது. "தீயணைக்கும்போது புகையைச் சுவாசித்ததால்" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. வங்கியில் மறுபடி கொடுத்திருக்கிறோம். மாமாவின் அம்மா கையெழுத்துப் போட்டார். அக்காவை அழைத்துப் போக வேண்டும், பிறகு எழுதுகிறேன்.