‘ஹேட்ச்’ என்பதற்குத் தமிழ்: பொரிப்பா, புறப்பாடா?

மடல் 1

கலைச்சொல் குழுவின் அவையோர்க்கு வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மிசௌரி ஆற்றில் கோடைக் கடைசியில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்குத் தூண்டில் போடுவோரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகஸ்டுக் காலைகளில், நெல்மணியில் பாதியளவே உள்ள டிரைக்கோ என்னும் மேஃபிளைப் பூச்சிகள் ஆற்றின்மேல் புகைபோலத் திரள்வதை அவர்கள் ‘ஹேட்ச்’ (hatch, முட்டை பொரித்தல்) என்கிறார்கள். ‘பொரிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். அடைகோழிதான் நினைவுக்கு வருகிறது. இங்கே உடைவது முட்டை அன்று. ஆற்றடியில் வளர்ந்த இளம்பூச்சி நீர்ப்பரப்புக்கு வந்து, தோலுரித்துச் சிறகோடு வெளிப்படுகிறது.

மடல் 2

பொரிதலில் வெடித்தலும் உண்டு. நெல் பொரிவதைப் பாருங்கள். ஆகவே தோல் வெடிப்பதற்கும் அச்சொல் பொருந்தும். ஆயினும் ‘ஈசல் புறப்பட்டது’ என்னும் வழக்கு நம்மிடம் இருக்கையில் வேறு சொல் எதற்கு? புறநானூற்று 119ஆம் பாடலில் கபிலர் ‘செம்புற்று ஈயல்’ என்கிறார். முயல் முசலானதுபோல் ஈயல் ஈசலாயிற்று. அந்த ஈயலே ‘ஈனுதல்’ என்பதன் வழி வந்ததென்பது என் துணிபு. விரிவாகத் தனி இழையில் எழுதுவேன். என் பரிந்துரை ‘நீரீசல் புறப்பாடு’.

மடல் 3

ஐயா, ஈனுதலிலிருந்து ஈயல் வந்ததென்றால் இடையில் இருந்த னகரம் எங்கே போயிற்று? அது நிற்க. ஈசல் கறையான் இனம். புற்றிலிருந்து கிளம்பிச் சிறகை உதிர்க்கும். மேஃபிளையோ சிறகு முளைத்தபின் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். இன்றுள்ள பூச்சிகளில் வேறெதற்கும் இவ்வழக்கம் இல்லை. ‘நீரீசல்’ என்றால் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே படிப்பர்.

‘ஹேட்ச்’ என்பதற்கு முன்பு ஒருவர் சொன்ன ‘எழுச்சி’யும் உதவாது, மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வுவதைத்தான் தூண்டில்காரர்கள் ‘ரைஸ்’, அதாவது எழுதல், என்கிறார்கள். ‘எழுச்சியின்போது எழுச்சியில்லை’ என்று எழுத நேரும். மேலும், டிரைக்கோவில் மீன் அதிகம் தின்பது புறப்படும் பூச்சியை அன்று, வானில் கூடியபின் சிறகு விரித்தபடி நீரில் செத்து விழுவதை. அதற்கு ‘வீழ்வு’ என ஒரு சொல் தனியே வேண்டும்.

மொன்டானாவில் ஆற்று நீர் தொடர்ந்து 3 நாட்கள் 73 பாரன்ஹீட்டை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பதுண்டு. வெப்பம் ஏறிய நீரில் பிராணவாயு குறைவு; பிடித்தபின் ஆற்றிலேயே திரும்ப விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம். எனவே கோடைக் கடைசியில் இந்தக் காலைப் பூச்சியே தூண்டில்காரர்களுக்குக் கதி. அவர்கள் நாவில் ‘ஹேட்ச்’ என்றே இருக்கிறது. நாமும் அப்படியே எழுதினால் என்ன?

மடல் 4

ஒலிபெயர்ப்பதற்கு ஒரு குழு எதற்கு என்று இருவர் தனிமடலில் கடிந்துகொண்டார்கள். வசனவரியில் இடமும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. நால்வர் ஆதரவுடன் ‘பூச்சிப் புறப்பாடு’, ‘பூச்சி வீழ்வு’ என்றே அனுப்புகிறேன்.

மடல் 5

அனுப்புங்கள். ஆனால் புறப்பாடு என்று படித்தவுடன் எனக்கு நாகசுரம்தான் கேட்கிறது. எங்கள் ஊரில் சுவாமிதான் புறப்படுவார். ‘நீர்’ என்ற முன்னொட்டை நீக்கியதற்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.