பேரலை வந்த கரையில் மறுபடியும் வீடு கட்டலாமா?

பிடோக்வாசி:
2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே கரையில் மக்களை மீண்டும் குடியிருக்க விட்டது தவறு என்றே கருதுகிறேன். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், அது வாழத் தகாத இடம் என்று அறிவிக்க அன்றைய அரசுக்குத் துணிவு இருந்தது. சிங்கப்பூரில் நாம் திரட்டித் தரும் நிவாரண நிதி, மறுபடியும் இடியப்போகும் சுவருக்குச் செங்கல் வாங்கவா?

நாகைமகள்:
ஐயா, அந்த அறிவிப்புக்குப் பிறகும் தனுஷ்கோடியில் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்துதான் வருகிறார்கள். ரயிலடி போயிற்று; வலைக்காரர் போகவில்லை. நாகையில் ‘குடியிருக்க விட்டார்கள்’ என்பதும் பாதி உண்மையே. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர் அங்கேயே தங்கினால் வீட்டைத் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும், அரசு தரும் புதுவீட்டை ஏற்பவர் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 2005இல் தமிழக அரசு ஆணையிட்டது. படகு கரையேறியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீடு சேர்ப்பதும், விடியுமுன் வாசலில் நின்றே காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலில் இறங்கலாமா என முடிவெடுப்பதும், பெண்கள் கூடையோடு ஏலத்துக்கு ஓடுவதும் வீடு கரையோரம் இருப்பதால் நடப்பவை. இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிட்டால் படகுக்கும் வலைக்கும் காவல் யார்? இலங்கையில் 100 மீட்டர், 200 மீட்டர் என்று தடை வலயம் வகுத்தபோது சுற்றுலா விடுதிகளுக்குச் சலுகை கிடைத்ததையும் மறக்க வேண்டாம்.

பொங்கோல்பொறியாளர்:
நம் தீவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில்தான் உள்ளது. கடலைத் தடுக்க நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி அல்லது அதற்கும் மேல் செலவாகலாம் என்று 2019இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் ‘நீண்ட தீவு’ உருவாக்கும் திட்டமும் இருக்கிறது. பணமுள்ள நாம் மண்ணைக் கொட்டி உயர்த்திக்கொண்டு, பணமில்லாதவனை மட்டும் எழுந்து போகச் சொல்வது என்ன நியாயம்?

பிடோக்வாசி:
ஒப்பீடு பொருந்தாது, நண்பரே. கடல்மட்டம் உயர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பேரலை அவ்வளவு பொறுக்காது. கேரளத்தின் வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே மலை சரிந்தது. அங்கேயும் திரும்பக் கட்டச் சொல்வீர்களா?

நாகைமகள்:
சொல்ல மாட்டேன். நள்ளிரவில் சரியும் மலைக்கு அடியில் தப்பி ஓட நேரமே கிடைக்காது. அவர்களுக்கு அதே மாவட்டத்தின் கல்பற்றா நகரில் புதுக் குடியிருப்பு அமைப்பதே முறை. ஆனால் 2004இல் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, அலை நாகையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று இல்லாதது எச்சரிக்கை. ஹைதராபாத்தில் அதற்கான மையம் 2007 முதல் இயங்குகிறது.

பிடோக்வாசி:
மையம் ஹைதராபாத்தில் எச்சரித்தால் போதுமா? படுக்கையில் கிடக்கும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, நடக்கும் தொலைவில் உயரமான கட்டடம் ஒன்று வேண்டும். அப்படியொரு பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்கு நிதி கேளுங்கள், தருகிறேன். கரையோர வீட்டுக்குத் தர மாட்டேன்.