பின் டயர் மட்டும் திரும்பத் திரும்ப பஞ்சர்: டயரை மாற்றுவதா, பாதையை மாற்றுவதா?

சத்துவாச்சாரி சைக்கிள்காரன்:
700×35 டயர் (35 மி.மீ. அகலம்) போட்ட ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். சாதா டியூப்தான். வெயில் ஏறுவதற்குள் ஹைவே ஓரமாகவே ரத்தினகிரி வழியாக ஆற்காடு வரை போய்த் திரும்புவது வழக்கம். கொஞ்ச நாளாகப் பின் டயர் மட்டும் பஞ்சராகிக்கொண்டே இருக்கிறது. முன் டயருக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் போகும் கடையில் ஒவ்வொரு தடவையும் புது டியூப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சில நாள் தாங்குகிறது, சில சமயம் மறுநாளே காற்று இறங்கிவிடுகிறது. காற்று பெட்ரோல் பங்கில்தான், பைக்குக்கு வைப்பது போல 35 பி.எஸ்.ஐ. அழுத்தம்.

கடைக்காரர் டயரையே மாற்றச் சொல்கிறார். கூட ஓட்டும் நண்பர் டியூப்லெஸ் போடு என்கிறார். இன்னொருவர், இடது ஓரத்தில்தான் குப்பை எல்லாம் ஒதுங்குகிறது, வலது பக்கமாக எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட்டு என்கிறார். 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றுக்குப் பெயர் கொடுக்கும் எண்ணம் இருக்கிறது, அதற்குள் இது தீர வேண்டும். எதை முதலில் செய்வது?

பாலாற்றங்கரை:
35 ரொம்பக் குறைச்சல். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும், பாருங்கள். இந்த அகலத்துக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 பி.எஸ்.ஐ. வரை போட்டிருப்பார்கள். குறைந்த காற்றில் பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும். பின் சக்கரத்தில்தான் உடம்பின் எடை அதிகம் விழுகிறது, அதனால் அது மட்டும் போவதில் ஆச்சரியமில்லை. மீட்டர் வைத்த பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பாகாயம் பெரியவர்:
காற்று விஷயம் சரி. ஆனால் ஓட்டையைப் பார்க்காமல் யாரும் தீர்ப்பு சொல்லக்கூடாது. தம்பி, கடையில் பழைய டியூபைத் தூக்கிப் போட விடாதீர்கள், கையோடு வாங்கி வாருங்கள். காற்றடித்துத் தண்ணீர் வாளியில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும்.

அருகருகே இரண்டு ஓட்டை என்றால் பாலாற்றங்கரை சொன்னதுதான், காற்று குறைவு. ஒரே ஓட்டை, அதுவும் ரிம் பக்கம் இருந்தால் ரிம்மின் உள்பக்கத் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனையோ துளையின் விளிம்போ குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை மாட்டும்போது ஆட்டி இழுக்கிறீர்கள். ரோட்டுப் பக்கம் ஒரே ஓட்டை என்றால் முள், கண்ணாடி, கம்பி. எது என்று பார்த்துச் சொல்லுங்கள். வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து வையுங்கள்.

சத்துவாச்சாரி சைக்கிள்காரன்:
அண்ணா, கடையில் கேட்டதில் இரண்டு பழைய டியூப் கிடைத்தது. இரண்டிலும் ஒரே ஓட்டைதான், ரோட்டுப் பக்கம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. வால்விலிருந்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

பாகாயம் பெரியவர்:
அப்படியானால் குத்தியவன் இன்னும் டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். புது டியூப் போடப் போட அவனுக்குத் தீனிதான்.

ஹைவே ஓரம் ஓட்டுகிறீர்கள் அல்லவா, லாரி டயர் வெடித்துக் கிடக்கும் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ரேடியல் டயருக்குள் முடி மாதிரி மெல்லிய எஃகு இழை இருக்கும். அது உதிர்ந்து ஓரத்தில் மண்ணோடு கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, சக்கரம் ஓட ஓட மெல்ல உள்ளே போகும். நெருஞ்சி முள்ளானாலும் சீமைக்கருவேல முள்ளானாலும் முனை உடைந்து ரப்பருக்குள் தங்கினால் இதே கதை.

டயரை முழுதாகக் கழற்றி, உள்பக்கத்தைப் பஞ்சால் சுற்றித் துடையுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே இருக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம், கிழித்துவிடும். உள்ளிருந்து தள்ளி, வெளியிலிருந்து நகவெட்டியாலோ ட்வீஸராலோ பிடுங்குங்கள். டியூபை எப்படிப் பிடித்து அளந்தீர்கள் என்று தெரியாது, அதனால் வால்வுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் தேடுங்கள். இனிமேல் டயரில் இருக்கும் கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை தேடும் வேலை பாதியாகும்.

காட்பாடி பையன்:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா ப்ரோ? ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை டியூபில் ஊற்றினால் முடிந்தது.

பாகாயம் பெரியவர்:
கம்பி உள்ளே இருக்கும்போது ஊற்றினால் அது குத்திக்கொண்டேதான் இருக்கும். எடுத்த பிறகு ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலூர் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். வால்வின் உள்முனை கழன்று வருகிற டியூபாக இருந்தால்தான் ஊற்றவும் முடியும்.

ராணிப்பேட்டை ரைடர்:
டியூப்லெஸ்ஸுக்கு ரிம்மும் டயரும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பழைய ஹைப்ரிட்டில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. உள்ளே பட்டை வைத்த பஞ்சர் தடுப்பு டயர் கிடைக்கிறது. கொஞ்சம் கனம், உருளுவதும் கொஞ்சம் மந்தம், ஆனால் இந்தப் பக்கத்து ரோட்டுக்கு அதுதான் ஒத்துவரும்.

வலது பக்கம் ஓட்டும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எதிரே வருவதைப் பார்த்தபடி போவது நடப்பவருக்கு. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், லாரி 60-இல் வருகிறது என்றால், ஒரே திசையில் போகும்போது வேக வித்தியாசம் 40. எதிரெதிரே வந்தால் 80. பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்காரர் நீங்கள் வரும் திசையைப் பார்க்கவே மாட்டார். இடது பக்கம்தான், ஆனால் மண்ணை ஒட்டி வேண்டாம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் நன்றாக இருக்கும் இடத்தில், குப்பை ஒதுங்கும் விளிம்பை விட்டு ஓர் அடியாவது உள்ளே ஓட்டுங்கள். பஞ்சரும் குறையும், பின்னால் வருபவர் கண்ணிலும் படுவீர்கள். முடிந்தால் கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். பின் விளக்கு பகலிலும் எரியட்டும்.

காட்பாடி பையன்:
பி.ஆர்.எம்.மில் பஞ்சரானால் கூட ஓட்டுபவர் உதவலாமா? ரேஸில் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டேன்.

ராணிப்பேட்டை ரைடர்:
நீங்கள் கேள்விப்பட்டது இத்தாலியில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் 2015-இல் நடந்ததாக இருக்கும். ரிச்சி போர்ட் என்ற ஆஸ்திரேலிய வீரருக்குக் கடைசி சில கிலோமீட்டரில் பஞ்சர். வேறு அணியில் இருந்த சக ஆஸ்திரேலியர் சைமன் கிளார்க் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். இருவருக்கும் 2 நிமிடம் தண்டனை, 200 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். சக்கரம் கொடுப்பது சொந்த அணிக்குள் மட்டும்தான் என்பது விதி. மனிதாபிமானத்துக்கு அபராதமா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. எனக்கும் அது அதிகப்படியாகத்தான் பட்டது.

பி.ஆர்.எம். ரேஸ் இல்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும், முதலிடம் கிடையாது. உங்கள் சொந்தக் கார் பின்னாலேயே வரக்கூடாது, அந்த உதவி வழியில் வருகையைப் பதிவு செய்யும் கன்ட்ரோல் பாயின்ட்டில் மட்டும். கூட ஓட்டுபவர் நின்று உதவுவது சகஜம். ஆனாலும் ஆள் இல்லாத இடத்தில் நீங்களே டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் உட்கார்ந்து பழகுங்கள். பின் சக்கரத்தில்தான் பழக வேண்டும், செயினை எடுத்து மாட்டுவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

சத்துவாச்சாரி சைக்கிள்காரன்:
கிடைத்துவிட்டது! பஞ்சு மாட்டிய இடத்தில் அரை நகம் நீளத்துக்கு ஒரு கம்பி. வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியவில்லை. எடுத்துவிட்டு காற்று 60 வைத்திருக்கிறேன். நேற்று ஆற்காடு போய் வந்தேன், காற்று அப்படியே நிற்கிறது. டயரில் அந்த இடத்தில் சின்னக் கீறல் இருக்கிறது. டயரை மாற்ற வேண்டுமா?

பாகாயம் பெரியவர்:
உள்ளே துணி இழை அறுந்திருக்கிறதா பாருங்கள். அறுந்து டியூப் புடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தால் மாற்றுங்கள். ரப்பரில் மட்டும் கீறல் என்றால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, உள்பக்கம் சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுங்கள். பி.ஆர்.எம்.முக்கு முன்னால் அந்த டயரை முன் சக்கரத்துக்கு மாற்ற நினைக்காதீர்கள். முன்னால் வெடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது.

துண்டு வெட்டாத பழைய டியூபை ஒட்டி வையுங்கள், ஸ்பேருக்கு ஆகும்.