கல்லாரில் விழித்த மேல் சிலிண்டர்

நீராவி எஞ்சினைப் பக்கத்தில் பார்த்தவர்கள் எழுதச் சொன்னீர்கள். என்னுடையது மேட்டுப்பாளையம், காலை 7.10 ஊட்டி வண்டி.

அரை மணி முன்னாடியே போய் எஞ்சின் அருகே நின்றுகொண்டேன். இந்த வண்டியில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். எண்ணெய் வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது. பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர். எதற்கு இரண்டு என்று டிரைவரிடம் கேட்டேன். "மேல இருக்கிறது கல்லார் வரைக்கும் தூங்கும் சார். அப்புறம் பாருங்க" என்றார்.

கடைசிப் பெட்டியில் ஜன்னலோர இடம். மலை ஏற்றம் தொடங்கும் கல்லார் ஸ்டேஷன் வரை கீழ் சிலிண்டரின் தண்டு மட்டும்தான் ஓடியது. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் பட்டைகள் ஆரம்பிக்கின்றன. வண்டி ஊர்ந்து வந்து, பல் சக்கரம் பட்டையைக் கவ்வியதும் ஒரு சின்னக் குலுக்கல். அடுத்த வளைவில் எட்டிப் பார்த்தால் மேல் தண்டும் ஓடுகிறது! சத்தமே மாறிவிட்டது.

பாய்லரிலிருந்து வரும் ஆவி முதலில் கீழ் சிலிண்டரில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை உருட்டுகிறது. அழுத்தம் குறைந்து வெளியே வரும் அதே ஆவியைப் புகைபோக்கிக்கு விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி, பல் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற வேண்டிய மலை இது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் நூறு வருஷத்துக்கு முன் இதை யோசித்துக் கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோதும் நான் டீ குடிக்கப் போகவில்லை, எஞ்சினிடம்தான் ஓடினேன்.

---

அண்ணா, நான் திருச்சி. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். விண்டர்தூரிலிருந்து கடைசியாக எஞ்சின் வந்தது 1952இல். பிறகு பொன்மலையிலேயே எக்ஸ் கிளாஸ் எனப்படும் இந்த வகை எஞ்சினைப் புதிதாகக் கட்டினார்கள். முதலில் பர்னஸ் ஆயிலில் ஓடும் நான்கு, 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா பேப்பரை மடிக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். உலகமே நீராவியைக் கைவிட்ட பிறகு நம்மூர் ஆட்கள் அதைப் புதிதாகச் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம்தான்.

---

நான் குன்னூர். எல்லாரும் எஞ்சினையே சொல்கிறீர்கள், பிரேக்ஸ்மேன்களையும் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒருவர் நிற்பார். விசில் சத்தத்தைக் கேட்டுத்தான் பிரேக் போடுவார். எங்கள் தாத்தாவுக்கு அந்த வேலைதான். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் விரல்களை நேராக நீட்ட முடியாது. பாட்டி வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பார்.